மூன்று சொட்டும் மூவாயிரத்து அறுநூறு லிட்டரும்

மெக்கானிக்கைப் போன வாரம் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட்டின் கூரைமேல், கையில் அடிக்கிற போனோடு விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் நிற்கிறான். போனை எடுக்கவில்லை.

எடுத்தால் பேசப்போவது பாஸ்டர். சனிக்கிழமை முதல் மாமனார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்குக் காது கொடுத்து வேறு கேட்க வேண்டும் என்று இருந்தான்.

போன் ஓய்ந்தது. செய்தி வந்தது.

‘தம்பி, தொட்டி நிரப்பியாயிற்று. மாலை ஐந்து மணி. மாற்று உடை கொண்டு வரவும். ஸ்தோத்திரம்.’

காலடியில் ஆறு மாடி ஆழம் கறுப்பாகக் கிடந்தது. அதில் அவனுக்குப் பயம் ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக இரும்புக் கயிற்றில் தொங்குகிற பெட்டியின்மேல் நின்று வேலை பார்க்கிறவன். அங்கேயே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறவன். அவனுக்குப் பயம் தண்ணீர். கடல், ஆறு என்று பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை, ஒரு வாளி போதும். ஷவருக்கு முதுகைக் காட்டித்தான் குளிப்பான். முகம் கழுவும்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பான், பின்னாலிருந்து யாராவது அழுத்த வருகிறார்களா என்று பார்க்க.

ஏழு வயதில், குடியிருந்த கட்டடத்தின் தரைத்தொட்டிக்குள் விழுந்தான். குழாய் சரிசெய்ய வந்தவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு குழாயைப் பார்க்கப் போயிருந்தார். உள்ளே இருட்டு. மேலே எங்கேயோ ஒரு சதுர வெளிச்சம். அதைத் தேடிக் கையை நீட்டிய இடமெல்லாம் கான்கிரீட். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். இருபத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. முடி குறைந்திருக்கிறது, பயம் குறையவில்லை.

இது வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியும். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குத் தெரியாது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அக்கா வைத்த பெயர் கண்ணாடிக்காரி. எட்டு மாதத்துக்கு முன்னால் அவள், “எங்க சபையில முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குத்தான் அப்பா கல்யாணம் பண்ணி வைப்பாரு” என்று சொன்னபோது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“எனக்கு அது கொள்கை ரீதியா ஒத்துக்காது.”

சொன்ன வாய்க்குச் சோறு போட வேண்டுமே. பிரசங்கம் ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் கண்ணயர்ந்துவிடுகிற ஆள், புத்தகம் வாங்கி அடிக்கோடிட்டுப் படிக்க ஆரம்பித்தான். புதன்கிழமைதோறும் பாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விவாதம். தொட்டில் குழந்தைக்கு விசுவாசம் உண்டா, பெற்றவர்களின் விசுவாசம் பிள்ளைக்குச் செல்லுமா, தண்ணீரின் அளவுக்கும் கிருபையின் அளவுக்கும் சம்பந்தம் உண்டா என்று பிளந்து கட்டினான். பாஸ்டர் பூரித்துப்போனார். “இந்தக் காலத்துல கொள்கைக்கு இப்படி உயிரைக் கொடுத்துப் போராடற பிள்ளையை நான் பார்த்ததே இல்ல” என்று சபை நடுவே எழுந்து நின்று சொன்னார். உயிர் என்ற வரைக்கும் அவர் சொன்னது சரி.

இவர்களைத் தெரியாதவர்களுக்காக: அம்மாவின் சபைக்கு மணிக்கூண்டு உண்டு, மேலங்கி போட்ட ஆயர் உண்டு. குழந்தையை ஏந்திக்கொண்டு போனால் நெற்றியில் தண்ணீர் தெளித்துச் சேர்த்துக்கொள்வார்கள். பாஸ்டரின் சபை, முன்னால் துணிக்கிடங்காக இருந்த ஒரு மண்டபம். வளர்ந்து, யோசித்து, வாயால் அறிக்கை செய்தவர்களை மட்டும் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பார்கள். அம்மாவின் சபையார் அவர்களைத் தொட்டிக்காரங்க என்பார்கள். அவர்கள் இவர்களைத் தெளிப்புக்காரங்க என்பார்கள். இரண்டு தரப்பும் இதை அன்போடுதான் சொல்வதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு புதன்கிழமை அவன் பொறுக்க முடியாமல் கேட்டும் பார்த்தான். “மாமா, ஆண்டவர் ஒண்ணு, வேதம் ஒண்ணு, பாட்டுகூடப் பாதி ஒண்ணு. பின்ன எதுலதான் நாம வேற சபை?”

பாஸ்டர் தட்டில் கை வைத்தபடி யோசித்தார். “வாசல்ல தம்பி. உள்ள வர்றதுக்கு எது வாசல்னு ஒரு சபை சொல்லுதோ, அதான் அந்த சபை. உங்க வாசல்ல பெத்தவங்க தூக்கிட்டு வரலாம். எங்க வாசல்ல அவனவன் கால்ல நடந்துதான் வரணும்.”

“நடந்து வரேன் மாமா. முங்கி வரணுமா?”

“முங்கித்தான் வரணும்.”

தொட்டியை அவன் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தான். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை அகலம், தண்ணீர் ஒன்று இருபது உயரத்துக்கு. மூவாயிரத்து அறுநூறு லிட்டர்.

அம்மாவின் அளவு மூன்று சொட்டு.

அவன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். எடை ஒரு கிலோ நூறு கிராம். அம்மா வேலை பார்த்தது பச்சிளம் குழந்தைகள் வார்டில். தான் நர்ஸாக நின்ற அதே வார்டில் அன்றைக்குத் தாயாக உட்கார்ந்திருந்தாள். இந்தக் குழந்தை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயர் ஊரில் இல்லை. உயிருக்கு ஆபத்தென்றால் ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம், தண்ணீரும் பிதா, குமாரன், ஆவி என்ற மூன்று நாமமும் இருந்தால் போதும் என்பது தெளிப்புக்காரர்களின் சட்டம். கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைக்குள் கையை விட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சிலிருந்து நாமத்துக்கு ஒரு சொட்டாக விட்டாள். குழந்தை தங்கியது. ஆயர் திரும்பி வந்து அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அவர் மறுபடி கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை கொடுப்பது முதல் தடவையைப் பொய்யாக்குவது.

அதனால்தான் அம்மா போன மாதம் குரலை உயர்த்தாமல் சொன்னாள். “நீ அந்தத் தொட்டியில இறங்கினா, அன்னைக்கு நான் பண்ணது சும்மா தண்ணி தெறிச்சதுன்னு அர்த்தம். கல்யாணத்துக்கு என்னைத் தேடாத. அப்புறமும் தேடாத.”

கண்ணாடிக்காரியும் குரலை உயர்த்தாதவள். “அப்பா ஜெபம் பண்ணாம எனக்குக் கல்யாணம் வேணாம்.”

போன புதன்கிழமையோடு அவனிடமிருந்த கொள்கை எல்லாம் தீர்ந்துபோயிற்று. சரி என்று சொல்லிவிட்டான்.

லிஃப்ட் கூரையில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டான். அக்கா ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறாள்.

“அவசர உதவி. எங்கேருந்து பேசறீங்க?”

“அக்கா, நான்தான்.”

“தெரியுது. வாய் பழகிப்போச்சு. சொல்லு.”

“மூச்சு முட்டுது.”

“நெஞ்சுவலி இருக்கா? இடது கை மரத்துப்போச்சா?”

“தொட்டி நிரப்பிட்டாங்க.”

அந்தப் பக்கம் வேறொருத்தி யாரிடமோ முகவரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கேளு,” என்றாள் அக்கா. “மூக்கால இழு. நாலு எண்ணு. வாயால விடு. திரும்ப இழு.”

இழுத்தான். விட்டான். “கொஞ்சம் பரவால்ல. இது எதுக்குச் சொல்லிக் குடுக்கறது?”

“பிரசவ வலிக்கு.”

“அக்கா!”

“வேலை செய்யுதா இல்லையா? அதைப் பாரு.”

“அம்மாகிட்ட எதுவும் சொல்லிடலையே?”

“நான் வாயே திறக்கல.”

அக்கா வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆபத்து. அம்மாவுக்கு அவள் மௌனத்தை வாசிக்கத் தெரியும். மானிட்டர் வாசித்துப் பழகியவள்.

“மத்தியானம் அம்மா சாப்பிட வரச் சொன்னா,” என்று அக்கா போனை வைத்தாள்.

கீழே இறங்கினால் கட்டடத்து மேற்பார்வையாளர் காத்திருந்தார். லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறதாம். முழங்கால் அளவுதானாம். மெக்கானிக் எட்டிப் பார்த்தான். கறுப்புத் தண்ணீர், அதில் சதுரமாக வெளிச்சம். சர்வீஸ் தாளில், ‘பள்ளத்தில் நீர். முதலில் இறைக்கவும்’ என்று எழுதினான். எழுதியதும் அவன் இரண்டடி பின்வாங்கியதைப் பார்த்து மேற்பார்வையாளர், “பெரிய கோளாறா சார்?” என்றார்.

“ஆமா,” என்றான்.

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத்தான் கை கழுவுவாள். அவன் உள்ளே நுழைந்தபோது கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“பையில என்னடா?”

“ஸ்பேனரும்மா.”

“துண்டு தெரியுது.”

“எண்ணெய் துடைக்க.”

“வெள்ளைத் துண்டுலயா?”

தட்டின் முன்னால் உட்கார்ந்தான். சோறு வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு எத்தனை நாற்காலி என்றோ, யார் யார் வருகிறார்கள் என்றோ கேட்கவில்லை. அவன் மூன்றாவது கவளத்தை எடுக்கும்போது கையை நீட்டி அவன் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நூத்திப் பதினாறு.”

“படி ஏறி வந்தேன்.”

“நீதான் லிஃப்ட் மெக்கானிக் ஆச்சே?”

“இந்த வீட்டுல லிஃப்ட் இல்லம்மா.”

“தரைத்தளத்துல படியும் இல்ல.”

அவள் இப்போது கேட்டுவிடுவாள் என்று நினைத்தான். கேட்டால் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அவள் எழுந்து உள்ளே போவாள், அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் செய்ய மாட்டாள். அவன் அந்தக் கதவு சாத்துகிற சத்தத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டான். அவள் கேட்கவில்லை. மோர் ஊற்றினாள்.

“சாயங்காலம் எங்க வேலை?”

“ஒரு பள்ளத்துல.”

“ஆழமா?”

“ஒண்ணு இருபது.”

“பார்த்து இறங்கு,” என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதில் அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது, எவ்வளவு தெரியவில்லை என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் யோசித்தான். யோசிக்க யோசிக்க உள்ளங்கை நனைந்தது. இன்னும் தொட்டியைப் பார்க்கவே இல்லை, அதற்குள் நனைய ஆரம்பித்தாயிற்று.

மண்டபத்தில் மேடைமேல் இருந்த பிரசங்க மேசையை ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். மேடைப் பலகை ஆறையும் தூக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். தொட்டி மேடைக்கு அடியில்தான். மாதம் பூராவும் பாஸ்டர் அதன் மேலேயே நின்று பிரசங்கம் செய்கிறார். மெக்கானிக்கும் எத்தனையோ தடவை முன்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறான். மூடி இருந்தபோது அது வெறும் மேடை. இப்போது திறந்த மூடி.

பாஸ்டர் ஏற்கெனவே உள்ளே இறங்கி நின்றார். வெள்ளை அங்கிக்குள் மீன் பிடிக்கிறவர்கள் போடுகிற மார்பளவு ரப்பர் கால்சட்டை. முதுகுவலிக்காரர், ஈரம் ஆகாது.

“வா தம்பி. வெதுவெதுன்னு இருக்கு. ஹீட்டர் போட்டேன்.”

கண்ணாடிக்காரி விளிம்பில் மண்டியிட்டிருந்தாள். அவள் பக்கத்தில் சிறிய மேஜை, அதில் திறந்த பதிவேடு, பேனா. இன்றைக்கு அவள்தான் சாட்சி. தொட்டிக்காரர்களிடம் சாட்சி என்றால் சும்மா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, ஒரு மயிரிழைகூட வெளியே நிற்காமல் உள்ளே போயிற்றா என்று குனிந்து கவனிக்க வேண்டும். ஏதாவது வெளியே நின்றால் சேராது, மறுபடி. லென்ஸில் அரை மில்லிமீட்டர் கோணலைக் கண்டுபிடிக்கிற பெண்ணிடம் போய் இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

“முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?” என்றாள்.

“கொள்கை,” என்றான்.

முதல் படி. கணுக்கால். இரண்டாவது படி. முழங்கால். அவனுக்குப் போட்டுவிட்ட வெள்ளை அங்கி தண்ணீரில் ஊதிக்கொண்டு எழுந்தது. மூன்றாவது படியில் இடுப்பு. அதற்குப் பிறகு படி இல்லை, ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி மட்டும். தண்ணீர் நெஞ்சைச் சுற்றி மெல்ல இறுக்கியது. வெதுவெதுப்பாக இருந்தது இன்னும் மோசம். உயிரோடு இருக்கிற ஏதோ ஒன்று கட்டிப்பிடிப்பது போல இருந்தது.

பாஸ்டர் ஒரு கையை அவன் முதுகுக்குக் கொடுத்தார். கண்ணை மூடினார். மூன்று நாமத்தையும் கணீரென்று சொன்னார். சாய்த்தார்.

கூரை சரிந்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்தது. ஏழு வயது திரும்பி வந்தது.

மேலே வந்தபோது இருமிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரி உதட்டைக் கடித்தபடி சொன்னாள். “அப்பா, வலது கை. கம்பியை விடவே இல்ல.”

“பரவால்ல,” என்றார் பாஸ்டர். “கையைக் கட்டிக்கோ. மறுபடி.”

கையைக் கட்டினான். மறுபடி நாமம், மறுபடி சாய்ப்பு. இந்தத் தடவை கை உள்ளே போயிற்று. ஆனால் கால் இரண்டும் தானாகவே எழும்பி, எதையாவது உதைத்து வெளியேறிவிடலாம் என்று ஆகாயத்தில் அலைந்தன. பாஸ்டருக்குத் தாடையில் ஒரு அடி விழுந்தது.

“முழங்கால்,” என்றாள் சாட்சி. அவள் குரல் சன்னமாகிவிட்டது. “ரெண்டும்.”

பாஸ்டர் தாடையைத் தடவிக்கொண்டார். “தம்பி, உன் மனசு இன்னும் எதிர்க்குது. அந்தக் கொள்கை இருக்கு பாரு, அது உன்னை விட மாட்டேங்குது. இன்னொரு தடவை நாம—”

“கொள்கை இல்ல மாமா!”

மண்டபம் காலியாக இருந்ததால் அது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

“கொள்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம். எட்டு மாசமா வெறும் பயம். சின்ன வயசுல தொட்டியில விழுந்தேன். எனக்குத் தண்ணின்னாலே ஆகாது. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் வாதம் பண்ணேன்.”

பாஸ்டர் அவனை வெகுநேரம் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் அரைத்து அரைத்து வைத்த முப்பத்து நாலு புதன்கிழமைகள் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

“குழந்தைங்க விசுவாசம் பத்தி நீ எடுத்து வெச்ச வாதம்?”

“தண்ணிக்குப் பயந்து படிச்சது.”

“அதுக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கலடா தம்பி.”

கண்ணாடிக்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் தண்ணீர் தெறித்திருந்தது. “என்கிட்ட சொல்லலாம்ல?”

“சொன்னா?”

“சொன்னா என்ன, சிரிச்சிருப்பேன். அப்புறம் கையைப் பிடிச்சிருப்பேன். ரெண்டும்தான் பண்ணியிருப்பேன்.”

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். அவர் நல்ல மனுஷர், அதில்தான் இப்போது சிக்கல். “மேல வா. பயந்து நடுங்கறவனை நான் அமுக்க மாட்டேன். அது ஞானஸ்நானம் ஆகாது, வேற ஏதோ ஆயிடும். ஒருத்தன் தானா வரணும்னுதான் நாங்க இருக்கறதே. கல்யாணத்தைத் தள்ளி வெப்போம்.”

“எப்போ வரைக்கும் அப்பா?”

“அவன் தானா இறங்கற வரைக்கும்.”

அதாவது ஒருபோதும் இல்லை. கண்ணாடிக்காரிக்கும் அது புரிந்துவிட்டது. கண்ணாடியைத் திரும்பப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். மெக்கானிக் மார்பளவு தண்ணீரில் நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வாசல் பக்கம் திரும்பினான்.

வாசல் கதவு திறந்தது.

அம்மா.

அவளுக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறைச் சீருடையில் அக்கா, இரண்டு கையையும் விரித்து, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று முகத்தாலேயே சத்தியம் செய்துகொண்டு வந்தாள்.

அம்மா நிற்கவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தாள். வார்டில் நடக்கிற நடை, அவசரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல். ரப்பர் அடி போட்ட செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி எடுத்தது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். கோபம் இல்லை. இருந்தது என்ன என்று நின்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

முங்கிவிட்டான்.

யாரும் சாய்க்கவில்லை, யாரும் தொடவில்லை. முழங்காலை மடக்கி, கையைக் கட்டி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்த முகத்திலிருந்து தப்பிக்க உலகத்தில் இருந்த ஒரே இடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டான். உள்ளே போன பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. கண் திறந்திருந்தது. மேலே சதுர வெளிச்சம். அதே சதுரம். நெஞ்சு வெடித்துவிடும் போல அடித்தது. இப்போது கத்தினால் தண்ணீர்தான் வரும். ஒன்று எண்ணினான். இரண்டு. அடியில் பாஸ்டரின் ரப்பர் கால்கள் இரண்டு தூண் மாதிரி நின்றன. மூன்று. வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு செருப்பு வந்து நின்றது. நாலுக்குமேல் முடியவில்லை. கையை மேலே நீட்டினான். கான்கிரீட் இல்லை. காற்று இருந்தது.

எழுந்தபோது அவன் மூச்சு மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

முதலில் பேசியது சாட்சி. “எல்லாம் உள்ள போச்சு அப்பா. ஒரு முடிகூட வெளிய இல்ல.”

“நான் தொடவே இல்லையேம்மா.” பாஸ்டரின் கை இன்னும் அந்தரத்தில் நின்றது. “நாமமும் சொல்லல.”

“முன்ன ரெண்டு தடவை நாமம் இருந்துச்சு, முழுக்கு இல்ல. இப்ப முழுக்கு இருக்கு, நாமம் இல்ல.”

“அதான்.”

“அப்ப இது ஞானஸ்நானமா, குளியலா?”

பாஸ்டர் பதிவேட்டைத் திரும்பிப் பார்த்தார். தானாக வந்தான், முழுசாக முங்கினான். அவர் இருபது வருஷமாகக் கேட்டு வந்த இரண்டும் இதில் இருந்தன. ஆனால் அவன் வந்தது ஆண்டவரைத் தேடி அல்ல, அம்மாவுக்குப் பயந்து. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பதிவேட்டில் இடம் இல்லை.

அம்மா விளிம்பில் மெல்ல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகனைப் பார்க்கவில்லை. பாஸ்டரைப் பார்த்தாள்.

“நாமம் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியாச்சு. நான்தான் சொன்னேன். தண்ணி பத்தலைங்கறதுதானே உங்க குறை?”

“சம்பந்தியம்மா, அது—”

“இப்ப பத்திடுச்சு. எழுதுங்க.”

அக்காவின் வாய் திறந்து அப்படியே நின்றது. மெக்கானிக்குக் குளிர ஆரம்பித்தது. வெந்நீருக்குள் நின்றுகொண்டு நடுங்கினான். அம்மா விட்டுக்கொடுக்கிறாளா, இல்லை பறித்துக்கொள்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

“நான் இதை எழுதினா,” என்றார் மெதுவாக, “அந்தச் சிரிஞ்சு ஞானஸ்நானம் செல்லும்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்.”

“ஆமா.”

“அப்ப நான் இத்தனை வருஷமா ரெண்டாந்தடவை முக்கினேனே, உங்க சபையிலேருந்து வந்தவங்க, அவங்களுக்கெல்லாம்...”

“அது உங்க பாடு.”

“எழுதலைன்னா?”

“எழுதலைன்னா என் பிள்ளை உங்க தொட்டியில குளிச்சான். அவ்வளவுதான். துண்டைக் குடுங்க, தலை துவட்டணும், சளி பிடிக்கும்.”

பாஸ்டர் படியேறி வந்தார். அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பேனாவை எடுத்தார். பதிவேட்டின்மேல் குனிந்தார். நால்வரும் அந்தப் பேனாவையே பார்த்தார்கள். மெக்கானிக் கடவுளை நினைக்க முயன்றான். எந்தச் சபைக் கடவுளை என்று தடுமாறிப் பாதியில் விட்டான். பாஸ்டரின் கையிலிருந்து தண்ணீர் விழுந்து, இன்னும் எதுவும் எழுதாத வரியில் பரவியது. அவர் பேனாவை மூடினார். பிறகு பதிவேட்டையும் மூடினார்.

“இது நான் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபை மூப்பர்களைக் கூட்டறேன்.”

“சனிக்கிழமை காலையில கல்யாணம்,” என்றாள் அக்கா, முகவரி கேட்கிற குரலில்.

“தெரியும்.”

கண்ணாடிக்காரி துண்டை அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு, வழக்கம்போல எல்லாம் முடிந்ததும் செய்கிற வேலையைச் செய்ய, விளிம்போரம் போய்த் தொட்டியின் வடிகால் திருகைப் பிடித்தாள்.

“அதைத் திறக்காதேம்மா,” என்றார் பாஸ்டர். மகளைப் பார்க்காமல், தண்ணீரில் நிற்கிறவனையும் பார்க்காமல், மூடிய பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணி இருக்கட்டும்.”